மோரஸ் என்றால் செடியா, பறவையா?

பட்டுப்புழு வளர்க்கிற நண்பர் ஒருவர் தன் தோட்டத்து மல்பெரி இலையைப் படமெடுத்து அனுப்பி, இது எந்த வகை என்று கொஞ்சம் தேடிச் சொல்லுங்க என்றார். மல்பெரிக்கு அறிவியல் பெயர் மோரஸ் என்பது மட்டும் எங்கோ ஞாபகத்தில் இருந்தது. அதை அடித்துத் தேடினால் இலை வந்தது, பழம் வந்தது, நடுநடுவே வெள்ளை உடம்பும் மஞ்சள் பூசிய தலையும் நீளமான அலகுமாக ஒரு கடற்பறவையும் வந்துகொண்டே இருந்தது. தேடுபொறிதான் குழம்பிவிட்டது என்று நினைத்தேன். குழம்பியது நான்தான், ஏனென்றால் அந்தப் பறவையின் பெயரும் மோரஸ். அதே எழுத்து, அதே லத்தீன், யாரும் தப்புச் செய்யவில்லை.

பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக்கொடுத்தது வேறு மாதிரி. ஊர்ப்பெயர்கள் இடத்துக்கு இடம் மாறும், ஒரே பெயர் இரண்டு ஜீவன்களுக்கு இருக்கும், அதனால்தான் உலகம் முழுக்க ஒரு ஜீவனுக்கு ஒரே ஒரு அறிவியல் பெயர் வைத்தார்கள் என்று படித்தோம். நமக்கு அதற்கு நல்ல உதாரணமே உண்டு. வேங்கை என்றால் புலி, வேங்கை என்றால் மஞ்சளாகப் பூக்கிற மரமும்தான். வேங்கைப் பூ உதிர்ந்து கிடக்கிற பாறை புலிக்குட்டி மாதிரித் தெரிவதாகச் சங்கப் பாட்டிலேயே வரும். கவிதைக்கு அது சரி, அறிவியலுக்கு ஆகாது என்றுதான் லத்தீனுக்குப் போனார்கள். போன இடத்திலும் வேங்கை கதைதான் என்றால் என்ன சொல்வது?

முதலில் ஒரு சின்னக் குழப்பத்தைத் தள்ளி வைத்துவிடலாம். அறிவியல் பெயரில் இரண்டு சொல் இருக்கும். முதல் சொல் பேரினம், இரண்டாவது சொல் அந்தப் பேரினத்துக்குள் எந்தச் சிற்றினம் என்று காட்டுவது. ஆலமரம் ஃபைகஸ் பெங்காலென்சிஸ், அரசமரம் ஃபைகஸ் ரிலிஜியோசா, அத்தி ஃபைகஸ் ரெசிமோசா, மூன்றும் ஃபைகஸ் என்பதால் மூன்றும் பங்காளிகள். ஆனால் இரண்டாவது சொல் ஒன்றாக இருந்தால் அதில் உறவு ஒன்றும் கிடையாது. மா, புளி, வேம்பு மூன்றுக்கும் கடைசிச் சொல் இண்டிகா. இந்தியாவைச் சேர்ந்தது என்று பொருள், அவ்வளவுதான், எந்தப் பேரினத்துக்குப் பின்னாலும் அதை ஒட்டிக்கொள்ளலாம். (புளி உண்மையில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது என்பது தனிக் கதை.) நாம் பேச வேண்டியது முதல் சொல்லைப் பற்றி. அது தனித்துவமாக இருக்க வேண்டியது, இருந்தும் இரண்டு இடத்தில் வருகிறது.

நிலம் வாங்கி விற்றவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். சர்வே எண் 45 என்று யாராவது சொன்னால் அடுத்த கேள்வி, எந்தக் கிராமம்? ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் 45 ஒன்றுதான் இருக்கும், இரண்டு இருந்தால் பெரிய வழக்கு. பக்கத்துக் கிராமத்திலும் ஒரு 45 இருக்கும், அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை, ஏனென்றால் அது வேறு கணக்கு, வேறு பதிவேடு. லத்தீன் பெயரும் இப்படித்தான். தாவரங்களுக்கு ஒரு பதிவேடு, விலங்குகளுக்கு ஒரு பதிவேடு. இரண்டுக்கும் தனித்தனி விதித்தொகுப்பு, தனித்தனி ஆட்கள். பாசிகளும் பூஞ்சைகளும் தாவரத்தோடு சேர்த்தி. பாக்டீரியாவுக்கு மூன்றாவதாக ஒன்று, வைரஸுக்கு இன்னொன்று. விலங்கு விதிகள் விலங்குப் பெயர்களை மட்டும் பார்க்கும், தாவர விதிகள் தாவரப் பெயர்களை மட்டும். அந்தப் பக்கம் என்ன பெயர் இருந்தால் எனக்கென்ன என்பது இரண்டு பக்கமும் எழுத்திலேயே ஒப்புக்கொண்ட நிலை. புதுப் பெயர் வைக்கிறவர்கள் முடிந்தால் அந்தப் பக்கமும் ஒரு எட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று விலங்குக்காரர்களின் தொகுப்பில் ஒரு பரிந்துரை உண்டு. பரிந்துரைதான், கட்டாயமில்லை.

இது ஏன் இப்படிப் பிரிந்தது என்றால் கணக்கு ஆரம்பித்த நாளே வேறு வேறு. ஸ்வீடன்காரரான லின்னேயஸ் 1753ல் வெளியிட்ட ஸ்பீசிஸ் பிளாண்டாரம் தாவரப் பெயர்களுக்குத் தொடக்கம், 1758ல் வந்த சிஸ்டமா நேச்சுரேயின் பத்தாம் பதிப்பு விலங்குப் பெயர்களுக்குத் தொடக்கம். அதற்கு முன்னால் யார் என்ன பெயர் வைத்திருந்தாலும் செல்லாது. பாக்டீரியாக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், பழைய குப்பையெல்லாம் வேண்டாம் என்று ஏற்கப்பட்ட பெயர்களின் பட்டியல் ஒன்றைப் போட்டு 1980 ஜனவரி 1லிருந்து புதிதாகக் கணக்கைத் தொடங்கினார்கள். வேடிக்கை என்னவென்றால் லின்னேயஸுக்கு இந்த இரட்டைப் பெயர் பிடிக்காது. ஏற்கெனவே விலங்குக்கு இருக்கிற பெயரைத் தாவரக்காரர்கள் பின்னால் எடுத்துக்கொண்டால் அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றே அவர் எழுதியிருக்கிறார். இரண்டு கணக்கையும் ஒரே ஆள் எழுதினவரைக்கும் அது நடக்கிற காரியம். பிறகு வந்தவர்களில் வண்டு பார்க்கிறவர் வண்டைப் பார்த்தார், புல் பார்க்கிறவர் புல்லைப் பார்த்தார்.

சரி, விதி தடுக்கவில்லை என்பது புரிகிறது. ஆனால் எத்தனையோ லட்சம் பெயர்களில் இரண்டு பேர் ஒரே சொல்லில் எப்படிப் போய் முட்டிக்கொள்கிறார்கள்? எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடித்தது.

பெரும்பாலும் காரணம் ஒன்றே, உருவம். ஃபைகஸ் என்றால் லத்தீனில் அத்தி. ஆல், அரசு, அத்திக்கு அந்தப் பெயர் வந்ததில் ஆச்சரியமில்லை. கடலில் ஒரு நத்தை உண்டு, மெல்லிய ஓடு, ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் வால் மாதிரி நீண்டு, கவிழ்த்து வைத்த அத்திப்பழம் போலவே இருக்கும். 1798ல் ரோடிங் என்பவர் அந்த நத்தைக்கும் ஃபைகஸ் என்றே பெயர் வைத்தார். இரண்டு பேரும் ஒரே பழத்தைத்தான் நினைத்தார்கள், ஒருவர் மரத்தில் கண்டார், இன்னொருவர் மணலில் கண்டார். பாசில்லஸ் கதையும் அதுவே. லத்தீனில் சின்னக் குச்சி என்று பொருள். 1872ல் ஃபெர்டினாண்ட் கோன் குச்சி வடிவ பாக்டீரியாவுக்கு அந்தப் பெயரை வைத்தார், ஆடுமாடுகளுக்கு வருகிற அடைப்பான் நோயை உண்டாக்குவது அதில் ஒரு வகை, பி.டி. பருத்தி என்று சொல்கிறோமே, அதில் வருகிற பி என்ற எழுத்தும் இதே பாசில்லஸ்தான். ஆனால் அவருக்கு அரை நூற்றாண்டு முன்பே மத்தியதரைக் கடல் பக்கத்துக் குச்சிப்பூச்சி ஒன்று அந்தப் பெயரை வாங்கிவிட்டது. அதுவும் குச்சிதான், கண்ணுக்குத் தெரிகிற குச்சி.

நம் கடலிலேயே ஒன்று இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கப் போகிற ராமநாதபுரத்துப் பெண்கள் பக்கோடா பாசி என்று ஒன்றைச் சொல்வார்கள், கட்டக்கோரை என்ற இன்னொரு பாசியோடு சேர்த்து, அல்ஜினேட் என்ற கூழ்ப்பொருள் தயாரிக்க வாங்கிப் போவது. அதன் அறிவியல் பெயர் டர்பினேரியா. அதே கடலில் கிண்ணம் மாதிரியும் தட்டு மாதிரியும் வளர்கிற ஒரு பவளம் இருக்கிறது, அதற்கும் பெயர் டர்பினேரியா. பம்பரம் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து இரண்டும் வந்தன. பாசியின் இலை ஒவ்வொன்றும் கூம்பாக, பம்பரத்தைப் போல இருக்கும். பவளத்துக்கு ஓக்கென் 1815ல் வைத்தார், பாசிக்கு லாமுரூ 1825ல் வைத்தார். பத்து வருஷம் கழித்து வந்தவர் ஏன் மாற்றவில்லை என்று கேட்க முடியாது, அது வேறு கிராமம். முக்குளித்துவிட்டு வந்து டர்பினேரியா பார்த்தேன் என்று ஒருவர் எழுதினால், செடி மாதிரி ஒன்றையா, பாறை மாதிரி ஒன்றையா என்று திருப்பிக் கேட்கத்தான் வேண்டும். எனக்குக் கேட்டால் பக்கோடா பாசி என்ற பெயரில் இந்தக் குழப்பம் இல்லை, உருவமும் அப்படியே கண்முன் வருகிறது.

டிராகன்குலஸ் இன்னும் விநோதம். குட்டி டிராகன், அதாவது குட்டிப் பறவைநாகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மத்தியதரைக் கடல் நாடுகளில் வளரும் ஒரு செடிக்கு இந்தப் பெயர். நம்ம சேனைக்கிழங்கின் குடும்பம், பூத்தால் அழுகின கறி நாற்றம், அந்த விஷயத்தில் சேனைக்குச் சளைத்ததில்லை. நரம்புச் சிலந்திப் புழுவுக்கும் இதே பெயர். குளத்துத் தண்ணீரைக் குடிப்பதால் உடம்புக்குள் போய், மாதக்கணக்கில் வளர்ந்து, காலில் கொப்புளம் வழியாக நூல் மாதிரி வெளியே வருமே, அது. கிணற்றுப் படியில் இறங்கித் தண்ணீர் எடுத்த காலத்தில் தமிழ்நாட்டிலும் இருந்தது, 2000ல் இந்தியா முழுவதும் அது ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. புழுவையும் பூவையும் பார்த்து இரண்டு பேருக்குத் தனித்தனியாகப் பாம்பு ஞாபகம் வந்திருக்கிறது. தமிழிலும் பாருங்கள், நரம்புச் சிலந்தி என்கிறோம், எட்டுக்கால் பூச்சிக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை, சிலந்தி என்றால் கொப்புளம் என்றும் ஒரு பொருள் உண்டு. பெயர் வைக்கிற மனசு எந்த மொழியிலும் ஏறக்குறைய ஒன்றுதான் போல.

சில சமயம் சொல் ஒன்று, வைத்த காரணம் வேறு. கிரேக்கத்தில் ஓனாந்தே என்றால் திராட்சைக் கொடியின் பூ. ஒரு நீர்ச்செடிக்கு அந்தப் பெயர் வந்தது அதன் பூவில் திராட்சை மதுவின் வாசனை அடித்ததால். (அந்தப் பேரினத்தில் ஒன்றைக் கொரியாவிலும் ஜப்பானிலும் கீரையாகச் சாப்பிடுகிறார்கள், இன்னொன்று ஐரோப்பாவில் ஆளைக் கொல்கிற விஷம். பெயர் தெரிந்தால் மட்டும் போதாது என்பதற்கு இது வேறு.) ஒரு சின்னப் பறவைக்கும் ஓனாந்தே என்று பெயர், காரணம் வாசனை இல்லை. கிரேக்கத்தில் திராட்சைக் கொடி பூக்கிற பருவத்தில் அது வலசை வந்து சேரும்.

இனி மோரஸுக்கு வருகிறேன், நான் மாட்டிக்கொண்ட இடம். முசுக்கொட்டை, அதாவது மல்பெரிப் பழத்துக்கு லத்தீனில் பழங்காலத்திலிருந்தே இருந்த பெயர் அது, லின்னேயஸ் அப்படியே எடுத்துக்கொண்டார். கடற்பறவைக்கு 1816ல் வியேயோ வைத்த மோரஸ் வேறு சொல்லிலிருந்து வந்தது. கிரேக்கத்தில் மோரோஸ் என்றால் முட்டாள். முட்டையிடும் தீவுகளில் மனிதர் கிட்டே போனாலும் அந்தப் பறவைகள் பறந்து ஓடாமல் உட்கார்ந்திருக்கும், அடித்துக் கொல்வது சுலபம், அதனால் முட்டாளாம். கொன்றவனுக்கு என்ன பெயர் வைத்தார்களோ. ஆக ஒன்று பழம், இன்னொன்று வசவு. லத்தீன் எழுத்தில் வந்து விழும்போது இரண்டும் ஒன்றாகிவிட்டன, நம்முடைய மாமரத்து மாவும் அரிசி மாவும் போல.

இதுவரை சொன்னது முதல் சொல் மட்டும் ஒன்றாவது. முதல் சொல் ஒன்றாகிவிட்டால் இரண்டாவதும் ஒன்றாக அதிக நாள் பிடிக்காது, ஏனென்றால் அந்த இடத்தில் போடுகிற சொற்கள் குறைவு. இண்டிகா, ஆல்பா, எலிகன்ஸ், ஆஸ்திராலிஸ், மொண்டானா என்று நாட்டையும் நிறத்தையும் அழகையும் மலையையும்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். ஃபைகஸ் வேரிகேட்டா என்று ஒரு கடல் நத்தை உண்டு, பல நிறம் கொண்டது என்று பொருள். ஃபைகஸ் வேரிகேட்டா என்று ஒரு மரமும் உண்டு, அத்தியைப் போலவே அடிமரத்தில் காய்ப்பது, தென்கிழக்கு ஆசியாவிலிருந்து ஆஸ்திரேலியா வரைக்கும் வளர்வது. நத்தைக்குப் பெயர் வந்தது 1798ல், மரத்துக்கு புளூமே வைத்தது 1825ல். முழுப் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. அகாத்திஸ் மொண்டானா என்றால் நியூ கலிடோனியா மலையில் வளரும் ஒரு ஊசியிலை மரம், ஒரு குளவியும்கூட. ஆஸ்டெரினா கிப்போசா ஒரு நட்சத்திர மீன், ஒரு பூஞ்சையும்தான். காசியா பிரின்செப்ஸ் கியூபாவின் சுண்ணாம்புக் குன்றுகளில் வளரும் ஒரு பனை, கணித மேதை காஸ் நினைவாக வைத்த பெயர். அதே பெயரில் கடலில் ஒளி விடுகிற ஒரு பொடி ஜீவன், இறால் கூட்டத்தின் தூரத்துச் சொந்தம், இருக்கிறது. அந்த ஒளியை உண்டாக்கும் புரதத்தை ஆய்வுக்கூடங்களில் நிறையப் பயன்படுத்துகிறார்கள், அதில் பனைமரத்துக்கு ஒரு பங்கும் இல்லை.

ஒரே கிராமத்துக்குள் இரண்டு 45 வந்தால் என்ன ஆகும்? அங்கே விட்டுக்கொடுப்பது கிடையாது. முதலில் வைத்தவர் பெயர்தான் நிற்கும், பின்னால் வந்தது போய்விடும். பிளாட்டிபஸ் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். வாத்து அலகும் ரோம உடம்புமாக ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த தோலைப் பார்த்து, யாரோ தைத்து ஒட்டி ஏமாற்றுகிறார்கள் என்று சந்தேகப்பட்டுக்கொண்டே, 1799ல் ஜார்ஜ் ஷா அதற்கு பிளாட்டிபஸ் அனாட்டினஸ் என்று பெயர் வைத்தார். தட்டைக்கால் என்று பொருள். 1793லேயே ஹெர்ப்ஸ்ட் என்பவர் மரம் துளைக்கிற ஒரு வண்டுக்கு பிளாட்டிபஸ் என்று வைத்துவிட்டிருந்தார். இரண்டும் விலங்கு, ஒரே பதிவேடு, வண்டு ஜெயித்தது. 1800ல் புளூமென்பாக் தனியாக வைத்திருந்த ஆர்னித்தோரிங்கஸ் என்ற பேரினப் பெயரையும் ஷா வைத்த அனாட்டினஸையும் சேர்த்து, இன்றைக்கு ஆர்னித்தோரிங்கஸ் அனாட்டினஸ் என்கிறோம். பிளாட்டிபஸ் என்பது வெறும் ஊர்ப்பெயராகப் பிழைத்துக்கொண்டது. அதன் உறவான, முள் போர்த்திய எகிட்னா என்ற விலங்குக்கும் இதே கதிதான், எகிட்னா என்ற லத்தீன் பெயர் ஒரு விலாங்கு வகைக் கடல்மீனுக்கு ஏற்கெனவே போயிருந்தது.

இதைவிடச் சுவாரசியம் டைனோசர் ஒன்றின் கதை. 1969ல் ஆப்பிரிக்காவில், இன்றைய ஜிம்பாப்வேயில் கிடைத்த ஒரு டைனோசருக்கு மைக்கேல் ராத் என்பவர் சின்டார்சஸ் என்று பெயர் வைத்தார். சரியாக நூறு வருஷம் முன்னால், 1869ல், அது ஒரு வண்டுக்கு வைத்த பெயர். டைனோசர்காரர்கள் கவனிக்கவில்லை, வண்டுக்காரர்கள் கவனித்தார்கள். 2001ல் மூன்று பூச்சியியலாளர்கள் தாங்களே டைனோசருக்கு மாற்றுப் பெயர் வைத்துவிட்டார்கள், மெகாப்னோசாரஸ். பெரிய செத்த பல்லி என்று பொருள்! பெயர் வைத்தவர் உயிரோடிருந்தால் அவரிடம் சொல்லி அவரே மாற்ற வாய்ப்புக் கொடுப்பதுதான் மரியாதை, ராத் அப்போது உயிரோடுதான் இருந்தார். டைனோசர்காரர்களுக்குக் கோபம் வந்தது, வராமல் இருக்குமா. ஆனால் விதிப்படி பெயர் செல்லும். இப்போது பலரும் அது கோலோஃபைசிஸ் என்ற வேறொரு பேரினத்தில் சேர்ந்தது என்று சொல்லி செத்த பல்லியிலிருந்து தப்பிக்கப் பார்க்கிறார்கள்.

விலங்குகளில் ஒரே ஒரு எழுத்து வித்தியாசம் இருந்தாலும் அது வேறு பேரினம், பிரச்சினை இல்லை. தாவரங்களில் குழப்பம் வருகிற அளவுக்கு நெருக்கமாக இருந்தாலே ஒரே பெயராக எடுத்துக்கொள்ளலாம். கிராமத்துக்குக் கிராமம் வழக்கம் வேறு.

அப்புறம், படிக்கிற நாம் எப்படிக் கண்டுபிடிப்பது? பெயருக்குப் பின்னால் ஒட்டியிருப்பதைப் பாருங்கள். பெயர் வைத்தவரை எழுதுவது வழக்கம். தாவரக்காரர்கள் ஆளின் பெயரைச் சுருக்கி எழுதுவார்கள், லின்னேயஸ் என்றால் வெறும் எல்., வருஷம் பெரும்பாலும் போடமாட்டார்கள். விலங்குக்காரர்கள் பெயரோடு வருஷத்தையும் போடுவார்கள். மோரஸ் எல். என்றால் பட்டுப்புழுத் தீனி, மோரஸ் வியேயோ, 1816 என்றால் பறவை. குடும்பப் பெயர் இருந்தால் இன்னும் சுலபம், தாவரக் குடும்பம் ஏசி என்று முடியும், விலங்குக் குடும்பம் இடே என்று முடியும். மல்பெரி மோரேசி, பறவை சூலிடே. இன்னொரு குறுக்குவழியும் உண்டு. இரண்டு சொல்லும் ஒன்றேயாக இருந்தால் அது நிச்சயம் தாவரமில்லை, தாவர விதிகள் அதை அனுமதிப்பதில்லை. ஓனாந்தே ஓனாந்தே என்றால் கண்ணை மூடிக்கொண்டு பறவை என்று சொல்லலாம், ஃபைகஸ் ஃபைகஸ் என்றால் நத்தை. புதிதாகப் பெயர் வாங்குகிற பாக்டீரியா விஷயத்தில் கவலை குறைவு, மற்ற இரண்டு பக்கமும் இருக்கிற பெயரோடு மோதக்கூடாது என்று அவர்கள் விதியில் சேர்த்துவிட்டார்கள். குச்சிப்பூச்சிக்குத்தான் அது லேட்டாகிவிட்டது.

இரண்டு கிராமத்துக்கும் நடுவே எல்லைத் தகராறு நிலம் இருக்குமே, அதுவும் இங்கே உண்டு. தண்ணீரில் ஒற்றை செல்லாக, ஒரு வாலை ஆட்டிக்கொண்டு நீந்துகிற சில ஜீவன்களை விலங்குக்காரர்கள் விலங்கு என்றார்கள், தாவரக்காரர்கள் பாசி என்றார்கள். பெரானெமா அதில் ஒன்று, 1841ல் துஜார்தின் வைத்த பெயர். பெரானெமா என்று ஒரு பெரணியும் இருந்தது, அதற்கு 1825லேயே டேவிட் டான் பெயர் வைத்துவிட்டார். அந்த நீந்துகிற ஜீவனை விலங்கு என்று எழுதினால் பெரானெமா நல்ல பெயர், யாருக்கும் ஆட்சேபம் இல்லை. அதையே பாசி என்று எழுதினால் அது பெரணியின் பதிவேட்டுக்குள் வந்துவிடுகிறது, உடனே பின்னால் வந்த பெயராகிச் செல்லாமல் போகிறது, வேறு பெயர் தேட வேண்டியதுதான். ஜீவன் ஒன்று, தண்ணீர் ஒன்று, நுண்ணோக்கியைக் கூட மாற்றவில்லை, எந்த அலுவலகத்துக் கணக்கில் எழுதுகிறோம் என்பதை வைத்து அதன் பெயர் இருக்கிறது அல்லது இல்லை.